எண்ணெய் வடியும் முகத்துக்கு எந்த சன்ஸ்க்ரீன்: மினரலா, ஜெல்லா, ஃப்ளூயிடா?

காலையில் முகம் கழுவி இரண்டு மணி நேரம் ஆனதும் என் மூக்கும் நெற்றியும் மினுங்க ஆரம்பித்துவிடும். கன்னம் மட்டும் வேறு குணம். வாசனை சேர்த்த எதைத் தடவினாலும் சிவந்து, குறுகுறுவென்று எரியும். நெற்றிக்கு ஏற்றது கன்னத்துக்கு ஆகாது. கன்னத்துக்கு இதமாக இருப்பது நெற்றியில் பருவைக் கிளப்பும். இப்படிப்பட்ட முகத்துக்கு ஒரு சன்ஸ்க்ரீன் தேடி, ஒன்றரை வருடத்தில் மூன்று வகைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன்: மினரல் லோஷன், சிலிக்கோன் ஜெல், தண்ணீர் மாதிரி ஓடும் ஃப்ளூயிட். இப்போது நான் தடவுவது மூன்றாவது வகை. ஏன் அதில் நின்றேன் என்று எழுதுகிறேன். மற்ற இரண்டும் யாருக்குப் பொருந்தும் என்பதையும் முடிந்தவரை நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 என்றால் தோலைச் சிவக்கவைக்கும் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் சுமார் 98. அந்த எண் பெரும்பாலும் யூவிபி என்ற புற ஊதாக் கதிரைப் பற்றியது. கருமைக்கும் சுருக்கத்துக்கும் பெரிய பங்கு வகிக்கும் இன்னொரு புற ஊதாக் கதிரான யூவிஏ-வுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும்: டியூபில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல், அல்லது ஜப்பானில் தொடங்கிய பிஏ குறி, அல்லது வட்டத்துக்குள் யூவிஏ என்ற ஐரோப்பிய முத்திரை. பிஏ-வுக்குப் பின் நான்கு கூட்டல் குறிகள் இருந்தால் அந்த அளவுகோலின் உச்சம். மூன்று வகைகளிலும் இந்தத் தகுதிகளோடு டியூப்கள் கிடைக்கின்றன. அதனால் எண்களை வைத்து இவற்றைப் பிரித்துவிட முடியாது.

சென்சிட்டிவ் சருமம் என்று சொன்னதும் பலர் முதலில் காட்டுவது மினரலைத்தான். நானும் அதில்தான் தொடங்கினேன். இதில் வேலை செய்வது ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு என்ற இரண்டு தாதுத் தூள்கள். அரிப்புக்குத் தடவும் கேலமைன் லோஷனில் இருப்பதும் இதே ஜிங்க் ஆக்சைடுதான். குழந்தைகளின் டயப்பர் புண்ணுக்கான களிம்பிலும் அது உண்டு. ஒவ்வாமை தருவது மிக அரிது. இரண்டில் யூவிஏ-வின் நீண்ட அலைகள் வரை எட்டுவது ஜிங்க். டைட்டானியம் மட்டும் உள்ள டியூபுக்கு அந்தப் பக்கம் பலம் குறைவு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-இல் வெளியிட்ட முன்மொழிவில், பாதுகாப்புக்கும் பலனுக்கும் போதிய சான்று உள்ளவை என்று ஏற்றுக்கொண்டது இந்த இரண்டை மட்டுமே. கதிரைத் தடுக்கும் மற்ற பல பொருட்களுக்கு, அதாவது ஃபில்டர்களுக்கு, கூடுதல் தரவு கேட்டது. 'மற்றதெல்லாம் ஆபத்து' என்று அதை வாசிப்பது தவறு. மினரல் கதிரைக் கண்ணாடிபோலத் திருப்பியனுப்பும், தாதுத் தூள் இல்லாத 'கெமிக்கல்' வகைதான் உறிஞ்சும் என்று பரவலாகச் சொல்வதும் சரியில்லை. இந்தத் தூள்களும் கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சித்தான் தடுக்கின்றன.

நான்கு மாதம் மினரலைத் தடவினேன். கன்னம் ஒரு நாள்கூட எரியவில்லை. அந்த அமைதியை வேறெதிலும் நான் பார்த்ததில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்தத் தூள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் சிதறடிக்கும். அதனால்தான் முகம் வெளுத்துத் தெரிகிறது. துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்கினால் வெளுப்பு குறையும். மாநிறத்திலும் கருநிறத்திலும் முழுதாகப் போகாது, சாம்பல் பூசியதுபோல் ஒரு சாயல் நிற்கும். எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. முகத்தில் எண்ணெய் ஊற ஊறப் பூச்சு பிரிந்து, மூக்கின் துளைகளிலும் புருவ ஓரத்திலும் வெள்ளைப் புள்ளிகளாகத் தேங்கிவிடும்.

சிலிக்கோன் ஜெல் இதற்கு நேர் எதிர். நிறமே கிடையாது. தடவியதும் தோல் பட்டுப்போல் வழுவழுப்பாகும், துளைகள் மூடினாற்போல் தெரியும், முதல் மூன்று மணி நேரம் மினுமினுப்பே இருக்காது. மேக்கப் போடுபவர்களுக்கு இதுவே பிரைமராகிவிடும். காலையில் ஒரே ஒரு முறை தடவி, நாள் முழுக்க உள்ளேயே இருப்பவர் என்றால் ஜெல்லைத்தான் சொல்வேன், தயங்காமல்.

ஃப்ளூயிட் என்ற பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. முதல் வகையில் ஆல்கஹால் நிறைய இருக்கும். பொருள் பட்டியலின் இரண்டாவது, மூன்றாவது இடத்திலேயே ஆல்கஹால் டீநேச்சர்டு என்று வந்துவிடும். தடவியதும் ஆவியாகிவிடுவதால் எண்ணெய்ச் சருமத்துக்குச் சொர்க்கம் போலிருக்கும். என் கன்னத்துக்கு இரண்டே நாளில் தீயாகிவிட்டது. இரண்டாவது வகை ஆல்கஹாலும் வாசனையும் இல்லாமல், புதிய தலைமுறை ஃபில்டர்களோடு வருவது. நான் தேர்ந்தெடுத்தது இதை.

புதிய தலைமுறை என்று எதைச் சொல்கிறேன்? நீண்ட காலமாக யூவிஏ-வுக்கு நம்பியிருந்தது அவோபென்சோன். நல்ல ஃபில்டர்தான், ஆனால் வெயிலிலேயே சிதைந்துபோகும் குணம் உண்டு. அதைத் தாங்கிப் பிடிக்க ஆக்டோகிரைலீன் போன்ற துணை வேண்டும். அந்த ஆக்டோகிரைலீனோ, வலிக்குத் தடவும் கீட்டோப்ரோஃபென் ஜெல்லால் ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர்களுக்குச் சேராமல் போகலாம். ஆக்ஸிபென்சோன் இன்னும் மோசம். தொடு ஒவ்வாமைக்குப் பேர் போனது. சென்சிட்டிவ் சருமம் இருப்பவர்கள் பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டால் டியூபைத் திரும்ப வைத்துவிடலாம். புதியவற்றில் ஒன்று, டினோசார்ப் எஸ் என்ற பெயரில் அறியப்படும் பெமோட்ரிசினால். அது யூவிஏ, யூவிபி இரண்டையும் தடுக்கும். வெயிலில் எளிதில் சிதையாது. அதன் மூலக்கூறு எடை 600-க்கும் மேல். 500-ஐத் தாண்டிய மூலக்கூறுகள் தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே போவது கடினம் என்பது தோல் மருத்துவத்தில் பழகிய கணக்கு. யூவினுல் ஏ பிளஸ், எத்தில்ஹெக்ஸைல் ட்ரையசோன் ஆகியவை இதோடு சேர்ந்து வரும் பெயர்கள். டியூபின் முன்பக்கத்தில் இவற்றைத் தேடினால் கிடைக்காது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

ஆனால் இந்த வேதியியலுக்காக நான் ஃப்ளூயிடுக்கு மாறவில்லை. என்னை மாற்றியது மதியத்துப் பூச்சு.

எஸ்பிஎஃப் அளவை ஆய்வகத்தில் எப்படிக் கணிக்கிறார்கள் தெரியுமா? ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் தடவிப் பார்க்கிறார்கள். நாம் வீட்டில் தடவுவது பெரும்பாலும் அதில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான். அவ்வளவு குறைத்தால் 50 என்று எழுதியிருக்கும் டியூபிலிருந்து 50 கிடைக்காது. சரியான அளவுக்கு எளிய வழி, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்கி, அதை முகத்துக்கும் கழுத்துக்கும் தடவுவது. முதல் முறை அப்படிப் பிதுக்கிப் பார்த்தபோது மலைப்பாக இருந்தது. அதுவரை தடவியது கடலை அளவுதான். வெளியில் இருக்கும்போது அதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வியர்த்தாலோ முகத்தைத் துடைத்தாலோ இன்னும் சீக்கிரம்.

ஆக, ஒரு சன்ஸ்க்ரீன் எனக்கு ஏற்றதா என்று கடைசியாக இரண்டு கேள்விகள்தான் கேட்டேன். இரண்டு விரல் அளவை மனம் கோணாமல் தடவ முடிகிறதா? மதியம், எண்ணெய் பூத்த முகத்தின்மேல் இதையே இன்னொரு முறை தடவ முடிகிறதா?

மினரல் இரண்டிலும் தோற்றது. காலையில் இரண்டு விரல் அளவு போட்டாலே வெளுப்பு. அதன்மேல் மதியம் இன்னொரு அடுக்கு என்றால் முகத்தில் மாவு அப்பியதுபோல் ஆகிவிடும். கழுவிவிட்டுத் தடவலாம் என்றால், வெளியில் நிற்கும்போது அது நடக்கிற காரியமில்லை. இரண்டு வாரத்தில் என்னையறியாமலே அளவைக் குறைத்துக்கொண்டேன். டியூபில் இருந்த 50 எனக்குப் பாதிகூடக் கிடைத்திருக்காது. ஜெல் முதல் கேள்வியில் தேறியது, இரண்டாவதில் விழுந்தது. உலர்ந்த சிலிக்கோன் படலத்தின்மேல் மறுபடியும் தேய்த்தால், அழிப்பான் தூள்போல் உருண்டு உருண்டு வரும். உருண்டு வருவது பழைய அடுக்கும் சேர்ந்துதான். அந்த இடத்தில் பாதுகாப்பும் போய்விடும். தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் தடவிப் பார்த்தேன், ஓரளவு குறைந்தது. ஆனால் தெருவில் நின்றுகொண்டு அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை.

ஃப்ளூயிடில் இப்படி. முதலில் டிஷ்யூவால் முகத்தை ஒற்றி எண்ணெயை எடுப்பேன். தேய்க்கக் கூடாது, ஒற்ற மட்டும். பிறகு முதலில் ஒரு விரல் அளவு, அது படிந்ததும் இன்னொன்று. காலைப் பூச்சோடு சண்டையில்லாமல் கலந்துவிடுகிறது. வெளுப்பும் உருண்டையும் இல்லை. மினுமினுப்பு இருக்கிறது, முதல் பத்து நிமிடம் நன்றாகவே தெரியும். ஜெல் தரும் அந்தத் துடைத்துவைத்த தோற்றம் இதில் கிடைக்காது. அது முக்கியம் என்று நினைப்பவர்கள் சிலிக்கா கலந்த பவுடரை மேலே லேசாக ஒற்றிக்கொள்ளலாம். எண்ணெய்ச் சருமம் என்பதற்காக மினுமினுப்பில்லாத மேட் ஃபினிஷை மட்டுமே தேடிப் போவது நாம் எல்லோரும் செய்கிற பிழை என்று எனக்குப் படுகிறது. காலை ஒன்பது மணி முகத்தை வைத்தே வாங்கிவிடுகிறோம். அந்த டியூப் மதியமும் அந்த முகத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

ஃப்ளூயிடின் குறை கண்ணில் தெரியும். வியர்வையோடு இறங்கினால் கண் எரியும். புதிய ஃபில்டர்களிலும் இது முழுதாகத் தீரவில்லை. நான் இமையிலும் கண்ணுக்கு அடியிலும் மட்டும் மினரல் குச்சி ஒன்றைத் தடவுகிறேன். அவ்வளவு சிறிய இடத்தில் வெளுப்பு உறுத்துவதில்லை, கெட்டியாக இருப்பதால் ஓடுவதுமில்லை.

என் அனுபவம் மெலிந்துபோகும் இடங்களும் உண்டு. நான் நீந்துவதில்லை. 40 நிமிடம், 80 நிமிடம் என்று எழுதியிருக்கும் தண்ணீர் தாங்கும் வகைகளை நான் சோதித்ததில்லை. ரோசேசியா, எக்ஸிமா போன்ற தோல் அழற்சி நோய்கள் இருப்பவர்கள் என் தேர்வைப் பின்பற்ற வேண்டாம். என் அக்காவுக்கு எக்ஸிமா உண்டு. தோல் மருத்துவர் சொன்னபடி அவள் மினரலில்தான் இருக்கிறாள், நன்றாகவும் இருக்கிறாள். மங்கு இருப்பவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை கூடுதல் பலன் தரும், ஏனென்றால் மங்கைக் கருக்கவைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. நான் அதை மூன்று வாரம்தான் பயன்படுத்தினேன். என் நிறத்துக்குச் சேரும் சாயல் அமையாததால் விட்டேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் முதல் நாளே முகம் முழுக்கத் தடவாதீர்கள். காதுக்குப் பின்னாலோ தாடை ஓரத்திலோ நான்கைந்து நாள் தடவிப் பாருங்கள். துளைகளை அடைக்காது என்ற பொருளில் போடும் 'நான்-காமெடோஜெனிக்' என்ற சொல்லுக்குச் சட்டப்படி ஒரே வரையறை கிடையாது. பரு வருமா வராதா என்று உங்கள் தாடையே சொல்லும். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பருவுக்குத் தடவும் ரெட்டினாய்டோ பென்சாயில் பெராக்சைடோ புதிதாகத் தொடங்கிய வாரத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், எரிச்சல் எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. சிறிய டியூபாக வாங்குங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவராதீர்கள், சூட்டில் கெட்டுப்போகும்.

ஒரு கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். கடலை அளவு தடவிய காலத்தில் 50 மில்லி டியூப் எனக்கு மூன்று மாதம் வந்தது. இப்போது காலையும் மதியமும் இரண்டு விரல் அளவு தடவுகிறேன். நான்காவது வாரத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.