ஜப்பானில் சின்னப் பிள்ளைகளோடு வெளியே சாப்பிட: ஃபாமிரெஸ், சுழல் சுஷி, ஃபுட் கோர்ட், இந்தியக் கடை

டோக்கியோவுக்குப் புதிதாகக் குடிவரும் நம் குடும்பங்கள் முதலில் கேட்பது, "பிள்ளைக்குச் சாப்பிட என்ன கிடைக்கும்?" என்றுதான். நான் அதற்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகளை வைப்பேன். உட்கார்ந்ததிலிருந்து முதல் வாய் உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளை கத்தினால் அந்தக் கடை தாங்குமா? ரயிலில்கூட யாரும் சத்தமாகப் பேசாத ஊர் இது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பாரோ என்ற பயத்திலேயே பெற்றவர்களுக்குச் சோறு இறங்காது. அதனால் ருசியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இந்த இரண்டை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் ஃபாமிரெஸ். ஃபேமிலி ரெஸ்டாரன்ட் என்பதை இங்கே அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். ஸ்கைலார்க் 1970-இல் டோக்கியோவின் ஃபுச்சுவில் தொடங்கியதிலிருந்து குடும்பங்களுக்கென்றே வளர்ந்த கடைகள் இவை. இன்று காஸ்தோ, சைசெரியா, ராயல் ஹோஸ்ட், டென்னிஸ் என்று எந்தப் பெரிய ஸ்டேஷன் பக்கமும் ஒன்றாவது இருக்கும். நீள சோஃபா இருக்கையில் பிள்ளையைச் சுவர் பக்கம் உட்கார வைத்துவிட்டால் இறங்கி ஓட வழியில்லை. குழந்தை நாற்காலி, பிளாஸ்டிக் கிண்ணம், சின்னக் கரண்டி, முள்கரண்டி எல்லாம் பெரும்பாலும் கேட்காமலே வரும். காஸ்தோவில் பூனை முகம் வைத்த ரோபோ தட்டுகளைச் சுமந்துகொண்டு மேசைக்கே வருகிறது. அதைப் பார்க்கவே பிள்ளைகள் அடுத்த தடவையும் அங்கே போகக் கேட்பார்கள். சைசெரியாவின் சிறுவர் மெனுவில் இரண்டு படங்களுக்கு இடையே 10 வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இருக்கிறது. பெரியவர்களே திணறும் அளவுக்குக் கடினம், அந்த நேரத்துக்குள் சாப்பாடு வந்துவிடும்.

ஒரே தட்டில் சோறு, ஹாம்பர்க் என்ற கொத்துக்கறி வில்லை, பொரித்த இறால் என்று கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, சோற்றில் ஒரு குட்டிக்கொடி குத்தித் தரும் சிறுவர் தட்டு ஜப்பானில் பழைய வழக்கம். 1930-இல் நிஹோன்பாஷி மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியின் உணவுக்கூடத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். பிள்ளைகளைத் தொந்தரவாகப் பார்க்காமல் வாடிக்கையாளராகவே நடத்தும் பழக்கம் அப்போதிருந்தே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். இன்னொன்று, நிறைய சின்னக் கடைகள் மதியம் இரண்டரைக்கு மூடி ஐந்து மணிக்குத்தான் திறக்கும். ஃபாமிரெஸ் அப்படி மூடுவதில்லை. பிள்ளை தூங்கி எழுந்து மூன்றரை மணிக்குப் பசி என்றால் அங்கேதான் போக முடியும்.

குறை சைவர்களுக்குத்தான். சைசெரியாவின் 300 யென் டோரியாவில் (சோற்றின் மேல் சாஸும் சீஸும் வைத்துச் சுட்டது) இறைச்சிக் குழம்பு, சூப்புகளில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. மார்கெரிட்டா பீட்ஸா, உருளைக்கிழங்கு வறுவல், வெறும் சோறு என்று சுருங்கிவிடும். முட்டை சாப்பிடும் பிள்ளை என்றால் பிழைத்துக்கொள்ளலாம்.

அடுத்து சுழல் சுஷி, அதாவது மேசை ஓரமாக ஓடும் பெல்ட்டில் சுஷித் தட்டுகள் வரும் கடை. 1958-இல் ஒசாகா பக்கம் ஜென்ரோகு சுஷி தொடங்கிய பெல்ட்தான் இன்று நாடு முழுக்க ஓடுகிறது. வேகத்தில் இதை எதுவும் அடிக்க முடியாது. தொடுதிரையில் படத்தைத் தொட்டால் சில நிமிடத்தில் தட்டு மேசை முன்னால் வந்து நிற்கும். பச்சை மீன் வேண்டாத வயதுக்கு முட்டை சுஷி, சோளம் வைத்த சுஷி, உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ், பொரித்த வகைகள் உண்டு. பெரிய சங்கிலிக் கடைகளில் வசாபியைத் தனிப் பொட்டலமாகவே வைத்திருக்கிறார்கள், அதனால் காரப் பயம் இல்லை. குரா சுஷியில் காலித் தட்டுகளை மேசையோரத் துவாரத்தில் போட வேண்டும். ஐந்து தட்டு போட்டால் திரையில் ஒரு விளையாட்டு, ஜெயித்தால் பொம்மை. நான்கு வயதுக்கு மேல் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றரை, இரண்டு வயதில் நான் இங்கே போகச் சொல்ல மாட்டேன். டீ போட மேசையிலேயே கொதிநீர்க் குழாய் இருக்கிறது, ஒரு அழுத்து அழுத்தினால் சுடுநீர் கொட்டும். பெல்ட்டுக்குப் பக்கத்து இருக்கைதான் பிள்ளைக்குப் பிடிக்கும், குழாயும் அங்கேதான் இருக்கும். பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தே ஆக வேண்டும். வார இறுதியில் ஆப்பில் முன்பதிவு செய்யாமல் போனால் வாசலில் காத்திருப்பதிலேயே பிள்ளையின் பொறுமை தீர்ந்துவிடும். பெரிய சங்கிலிக் கடைகள் சிலவற்றில் 100 யென் தட்டுக் காலமும் 2022-ஓடு முடிந்தது, ஆனாலும் நான்கு பேருக்கு மலிவுதான்.

அந்தக் குட்டி வயதுக்கு மாலில் உள்ள ஃபுட் கோர்ட் போதும். இயோன், லாலாபோர்ட் மாதிரி இடங்களில் ஸ்ட்ரோலரோடு உள்ளே போகலாம், பக்கத்திலேயே பால் கொடுக்கும் அறை, டயப்பர் மாற்ற மேசை, பால்பவுடர் கலக்க வெந்நீர். சத்தமோ சத்தம், அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ருசி சுமார். உதோன் குழம்பு பொதுவாக மீன் சாறுதான் என்பதை மட்டும் சைவர்கள் நினைவில் வையுங்கள்.

இந்தியக் கடை என்றால் இரண்டு வகை. ஊர் ஊராக இருப்பவை பெரும்பாலும் நேபாளச் சமையல்காரர்களின் நான் ரொட்டி, பட்டர் சிக்கன் கடைகள். காரத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள், நான் ரொட்டியும் பெரியது, ஒன்றை வாங்கிப் பிள்ளைக்குப் பிய்த்துக் கொடுக்கலாம். ஆனால் அங்கே பிரபலமான சீஸ் நான் ரொட்டியோடு சில கடைகளில் தேன் வரும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, மூத்த பிள்ளை ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்னிந்தியக் கடைகள் டோக்கியோவில் நல்லதாகவே இருக்கின்றன, நம்மவர்கள் நிறைய வாழும் நிஷிகசாயைச் சுற்றியும் கிடைக்கும். பல கடைகள் குறுகலானவை. ஸ்ட்ரோலரை மடித்தாக வேண்டும், குழந்தை நாற்காலி இருக்கும் என்று நம்ப முடியாது, ஞாயிறு மதியம் வரிசை நிற்கும். நான் வைத்த இரண்டு கேள்விகளிலும் இது பின்தங்கிவிடுகிறது. ஆனாலும் மற்ற எங்கேயும் முடியாத ஒன்று இங்கே முடியும். பரிமாறுகிறவர் தமிழர் என்றால், "அண்ணா, பிள்ளைக்குக் கொஞ்சம் பருப்பும் நெய்யும் சாதமும்" என்று மெனுவில் இல்லாததையும் கேட்கலாம். பெரும்பாலும் இலவசமாகவே கொடுப்பார்கள், பெயரையும் கேட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வெளியே தமிழ் காதில் விழாத பிள்ளைக்கு அது பெரிய விஷயம். கடை பதினொன்றரைக்குத் திறக்கிறது என்றால் அந்நேரத்துக்கே போய் நில்லுங்கள், பன்னிரண்டுக்குப் போனால் இடம் கிடைக்காது.