மாற்ற முடியாத டிரஸ்டை மாற்றுவது: டிரஸ்டியின் வரம்புள்ள அதிகாரமும் மற்ற வழிகளும்

அமெரிக்காவில் ரத்து செய்ய முடியாதபடி எழுதிவைக்கப்படும் குடும்ப டிரஸ்ட், எழுதியவர் மறைந்த பின்னும் பல பத்தாண்டுகள் நடக்கக்கூடியது. (அறக்கட்டளை என்றால் தரும காரியம் நினைவுக்கு வந்துவிடும் என்பதால் டிரஸ்ட் என்றே எழுதுகிறேன்.) பழைய ஏற்பாடுகள் பொருந்தாமல் போகும்போது, சொத்துகளைப் புதிய பத்திரத்தின்கீழ் அமைந்த வேறொரு டிரஸ்டுக்கு டிரஸ்டியே (டிரஸ்டை நிர்வகிக்கும் பொறுப்பாளரே) மாற்றிவிடுவதற்கு அங்கே ‘டிகாண்டிங்’ என்று பெயர். பயனாளிக்கு அசலை, அதாவது டிரஸ்டில் உள்ள மூலச் சொத்தை, நேரடியாகக் கொடுக்க அதிகாரம் உள்ளவர், அதையே அவர் நலனுக்காக இன்னொரு டிரஸ்டிலும் வைக்கலாம் என்பதே இதன் அடிப்படை. புளோரிடா உச்ச நீதிமன்றம் 1940இல் இதை ஏற்றது; நியூயார்க் 1992இல் முதன்முதலாகச் சட்டமாக்கியது; பல மாநிலங்கள் பின்பற்றுவதற்கான மாதிரிச் சட்டம் 2015இல் வந்தது.

கொடுக்கும் அதிகாரத்திலிருந்து பிறந்த உரிமை என்பதால், கொடுக்கும் அதிகாரத்தின் எல்லைதான் இதற்கும் எல்லை. எனவே முதலில் படிக்க வேண்டியது பத்திரத்தின் ஒரே ஒரு வாக்கியத்தை. ‘டிரஸ்டி தம் முழு விருப்பப்படி அசலிலிருந்து கொடுக்கலாம்’ என்றிருந்தால் அது விரிந்த அதிகாரம். ‘உடல்நலம், கல்வி, பராமரிப்பு, வாழ்க்கைத் தேவை ஆகியவற்றுக்காகக் கொடுக்கலாம்’ என்றிருந்தால் அது வரம்புள்ள அதிகாரம். வருமானத்தை மட்டுமே கொடுக்கலாம், அசலைத் தொட முடியாது என்றால், மாதிரிச் சட்டத்தின்கீழ் இந்த வழியே இல்லை.

விரிந்த அதிகாரம் உள்ளவர் சில பாதுகாப்புகளுக்கு உட்பட்டு ஒரு பயனாளியை விலக்கவும் செய்யலாம். வரம்புள்ள அதிகாரம் உள்ளவரோ, ஒவ்வொரு பயனாளிக்கும் பழைய டிரஸ்டில் இருந்த உரிமைக்குக் கணிசமாக ஒத்த உரிமையைப் புதியதிலும் தந்தாக வேண்டும். மகளுக்கு 30 வயதில் அசல் முழுவதும் சேர வேண்டும் என்று பத்திரம் சொல்லியிருக்க, அவள் பணத்தைக் கையாளும் விதம் கவலை தருகிறது, 40 வயதுக்குத் தள்ளிவைப்போம் என்று டிரஸ்டி நினைத்தால், நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் இந்த வழியில் அது நடக்காது. அடுத்த டிரஸ்டி யார், முதலீட்டை யார் கவனிப்பது, டிரஸ்டைப் பிரிப்பதா சேர்ப்பதா போன்ற நிர்வாக விஷயங்களைத் திருத்தலாம். என் கணிப்பில் இந்த அதிகாரத்தின் உண்மையான பயன் இவற்றில்தான் இருக்கிறது. நியூயார்க் சட்டம் சற்று வேறுபட்டது. வரம்புள்ள அதிகாரம் உள்ளவர் அதே பயனாளிகளையும் கொடுப்பதற்கான அதே விதியையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் டிரஸ்டின் காலத்தை நீட்டினால், நீட்டிய காலத்துக்கு மட்டும் முழு விருப்ப அதிகாரத்தைச் சேர்க்கலாம்.

பங்கையோ வயதையோ மாற்றத்தான் வேண்டுமென்றால் நீதிமன்றமே சரியான இடம். எழுதியவர் எதிர்பார்க்காத சூழ்நிலை வந்துவிட்டது என்று நிரூபித்தால், நிர்வாக விதிகளை மட்டுமன்றிப் பகிர்வு விதிகளையும் மாற்றிக் கொடுக்க, மாதிரி டிரஸ்ட் சட்டத்தைப் (இது டிகாண்டிங் மாதிரிச் சட்டத்திலிருந்து வேறானது) பின்பற்றும் மாநிலங்களின் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. காலமும் செலவும் கூடும், குடும்ப விவகாரம் பொதுப் பதிவில் ஏறும். ஆனால் கிடைக்கும் உத்தரவு டிரஸ்டியைப் பாதுகாக்கும். டிகாண்டிங்கில் அந்தப் பாதுகாப்பு தானாக வராது. டிகாண்டிங் மாதிரிச் சட்டப்படி 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும், பயனாளிகளின் சம்மதம் தேவையில்லை. ஆனால் முடிவின் பொறுப்பு முழுவதும் டிரஸ்டியின் தலையில்தான். தம் ஊதியத்தை உயர்த்திக்கொள்ளவோ தம் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளவோ இதைப் பயன்படுத்தச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. அது மிகச் சரியான தடை.

எல்லாரும் கையெழுத்திட்டு ஒப்பந்தம் செய்துகொள்வது மூன்றாவது வழி. சுமுகமான குடும்பத்தில் இது மலிவானது, ஆனால் டிரஸ்டின் முக்கிய நோக்கத்துக்கு முரணாகக் கூடாது. சம்மதத்துக்கு வரி விளைவும் உண்டு: டிரஸ்டை எழுதியவரின் வருமான வரியை டிரஸ்டே ஈடுசெய்யலாம் என்ற புதிய விதிக்குப் பயனாளிகள் சம்மதித்தது, அவர்கள் அவருக்குக் கொடுத்த கொடை என்று அமெரிக்க வருமான வரித் துறையின் சட்ட ஆலோசனைப் பிரிவு 2023இல் கருத்துச் சொன்னது. அது மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணம் ஆகாது. ஆனாலும் கையெழுத்து வாங்குவதற்கு முன் கட்டாயம் யோசிக்க வேண்டியது.

வரம்புள்ள அதிகாரமே விரிந்ததுபோல் செயல்படும் ஓர் இடம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. மகன் மாற்றுத்திறனாளி ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம்; ‘எஸ்.எஸ்.ஐ.’ எனும் அரசு உதவித்தொகைக்குத் தனிநபரின் கணக்கில் கொள்ளும் சொத்து 2,000 டாலருக்குள் இருக்க வேண்டும். ‘பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டும்’ என்ற பழைய வாக்கியமே அந்த உதவிக்குத் தடையாகலாம். அப்போது முதல் டிரஸ்டின் நோக்கத்தை அது நிறைவேற்றும் என்று டிரஸ்டி முடிவுசெய்தால், மகனுடைய பங்கைச் சிறப்புத் தேவை டிரஸ்டுக்கு (அரசு உதவியை இழக்காதபடி மாற்றுத்திறனாளிக்காக அமைக்கப்படும் டிரஸ்டுக்கு) மாற்ற மாதிரிச் சட்டம் அனுமதிக்கிறது. மற்றவர்களின் உரிமை ஏறத்தாழ அப்படியே இருக்க வேண்டும். இந்த ஒரு சூழ்நிலையில் நீதிமன்றத்தையும் ஒப்பந்தத்தையும் விட டிகாண்டிங்கையே முதலில் பரிசீலிக்கச் சொல்வேன், ஏனென்றால் உதவித்தொகை நின்றுபோன மாதங்களை வழக்கு முடியும்வரை யாரும் ஈடுகட்ட மாட்டார்கள்.