செட்டிநாட்டு வெயிலில் ஒரு ஹரிக்கேன்: மூன்றாண்டு அனுபவம்

பிளாஸ்டிக் மாடல் கிட்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் பெட்டியைத் திறந்த வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. பாகங்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பது அவற்றில் தெரியும். கட்டி முடித்த விமானம் நான்கைந்து பருவங்களைக் கண்டபின் எப்படி இருக்கிறது என்பது தெரியாது. காரைக்குடிக்கு அருகே எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஹாக்கர் ஹரிக்கேன் மார்க் 2சியின் 1/48 அளவு மாடல் ஒன்றை ஏழு மாதத்தில் கட்டினேன். அது கண்ணாடி அலமாரிக்குள் போய் மூன்றாண்டு ஆகிறது.

அதே காலத்து ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை விட்டு இதைத் தேர்ந்ததற்குக் காரணம் பர்மா. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்ததையும், அடுத்த சில மாதங்களில் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பியதையும் பேசாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. அந்தப் போரில் பறந்த விமானம் ஹரிக்கேன். 1944இல் இம்பால் களத்தில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாவது ஸ்குவாட்ரன் ஓட்டியதும் இதுவே. மாடலைப் பார்த்த அப்பத்தா, "ஐயாவை ரங்கூன்லருந்து விரட்டுன ஏரோப்பிளானா இது?" என்று கேட்டார்கள். விரட்டியது சப்பான்காரன் விமானம், இது எதிர்த்துப் போனது என்று சொன்னேன். அதன் பிறகுதான் அதை வீட்டுக்குள் வைக்க ஒப்புதல் கிடைத்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த கிட் அது. இறக்கைகளின் நுனிக்கு நுனி நீளம் சரியாக 25.4 செ.மீ.; உண்மை விமானத்தின் 12.19 மீட்டரை 48ஆல் வகுத்தால் அதே கணக்கு வருகிறது. பொருத்தம் பொதுவாக நன்று. குறை என்றால் பின்னுடலைச் சொல்ல வேண்டும். ஹரிக்கேனின் முன்பகுதிக்கு உலோகத் தகடும், விமானி இருக்கைக்குப் பின்னால் மரச்சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டிய துணியும் போர்வை. அந்தத் துணிப் பள்ளங்களை கிட்டில் சற்று ஆழமாகவே வார்த்திருக்கிறார்கள். முதுகில் இரு பாதிகள் சேரும் கோட்டைப் புட்டி வைத்துத் தேய்த்தால் சட்டங்களின் மேடும் சேர்ந்து கரைந்துவிடும். ஆகவே ஸ்ப்ரூவை, அதாவது பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை, விளக்குச் சுடரில் காட்டி இழைபோல் இழுத்து, இடுக்கில் படுக்கவைத்து, டமியா எக்ஸ்ட்ரா தின் பசையைத் தூரிகை நுனியால் தொட்டு இளக்கினேன். ஒரு நாள் ஆறவிட்டுத் தேய்த்த அந்த இடத்தில் இன்றுவரை கோடு தெரியவில்லை.

நான்கு 20 மி.மீ. பீரங்கிகளுக்கும் கிட்டில் இருந்த குழல்கள் நுனியில் துளையில்லாமல் தீக்குச்சிபோல் இருந்தன. மருந்துக் கடையில் 22 கேஜ் ஊசி வாங்கி வெட்டிச் செருகினேன். வெளிவிட்டம் ஏறத்தாழ 0.7 மி.மீ.; 48ஆல் பெருக்கினால் 34 மி.மீ., பார்வைக்குப் பொருந்துகிறது. கருவிகளுக்கு வெளிநாட்டுத் தளங்களைத் தேட வேண்டியதில்லை. பத்தர்கள் நகை வேலைக்கு வாங்கும் சாமணமும் நுண்ணரமும் காரைக்குடியிலேயே கிடைக்கின்றன. நான் ஆன்லைனில் வாங்கிய சாமணத்தின் முனை ஆறாம் மாதத்தில் வளைந்துவிட்டது, பத்தர் சாமணம் இன்னும் நேராகவே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். இறக்கை நுனி விளக்கின் கண்ணாடி மூடி, எள்ளைவிடச் சற்றுப் பெரியது, சாமணத்திலிருந்து தெறித்து அந்தப் பூவேலைக்குள் விழுந்தது. டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து இரண்டு இரவு தேடினேன்; கிடைக்கவில்லை. இப்போது வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அதன் ஓரத்தை மேசை விளிம்போடு கிளிப் போட்டுத்தான் உட்காருகிறேன்.

வண்ணத்தில்தான் நம் ஊர் வேலையைக் காட்டியது. சித்திரை நண்பகலில், பெயின்டைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷைப் பிடித்தால் அக்ரிலிக் காற்றிலேயே காய்ந்து, பரப்பில் கோலமாவு தூவியதுபோல் படிகிறது. காலை ஆறு மணிக்கு அடித்ததும், பெயின்டில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளி சேர்த்ததும் அதற்குத் தீர்வாயின. ஐப்பசியில் எதிர்ச் சிக்கல்: ஈரக்காற்றில் அடித்த லாக்கர் வார்னிஷ் பால்போல் வெளுத்துப் போனது. மழைக்காலத்தில் வார்னிஷ் வேலையே வேண்டாம் என்பது என் முடிவு. ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரில் நீர்வடிகட்டி இல்லாமல் எந்தப் பருவத்திலும் தொடங்கக் கூடாது.

தூசு படிந்த தோற்றத்துக்காக எங்கள் தோட்டத்துச் செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்துத் தூவிப் பார்த்தேன். அசட்டுத்தனம். அரை மி.மீ. மண் துகள் இந்த அளவில் 24 மி.மீ. சரளைக்கல்; சக்கரம் ஜல்லியில் உருண்டதுபோல் இருந்தது. அதைக் கழுவிவிட்டு, ஓவியர்களின் பேஸ்டல் வண்ணக்கட்டியைச் சுரண்டிய பொடியைப் பயன்படுத்தினேன்.

மூன்றாண்டுக்குப் பின் எது நின்றது என்பதற்கு வருகிறேன். கிட்டில் ஐரோப்பியக் களத்து டீகால்கள்தாம், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலங்கள்தாம், இருந்தன. பர்மா களத்தில் சப்பானியச் செவ்வட்டத்தோடு குழம்பாமலிருக்க நடுச் சிவப்பை நீக்கி, கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும் கொண்ட சிறு வட்டங்களை எழுதினார்கள். அவற்றை மாஸ்கிங் டேப்பில் வட்டமாக வெட்டி நானே அடித்தேன்; அவை அப்படியே இருக்கின்றன. சிறு எழுத்துகளுக்காக ஒட்டிய டீகால்களின் படலம் விளிம்பில் மஞ்சளடித்துவிட்டது. பளபளப்புப் பூச்சு இல்லாமல் அவசரத்தில் ஒட்டிய இரண்டின் அடியில் காற்று தங்கி, சாய்த்துப் பார்த்தால் வெள்ளியாக மினுக்குகிறது. சூப்பர் க்ளூவில் ஒட்டிய இடச்சக்கரக் கால் இரண்டாம் கோடையில் விட்டுப்போனது; அதே பசையின் ஆவி விமானி அறைக் கண்ணாடியின் உட்புறத்தை முதல் வாரத்திலேயே மங்கலாக்கியிருந்தது. வெள்ளை பி.வி.ஏ. பசையில் ஒட்டிய மாற்றுக் கண்ணாடி தெளிவாக நிற்கிறது.

அதே கிட்டின் இரண்டாவது பெட்டி பரணில் இருக்கிறது. அதன் டீகால் தாளை மட்டும் எடுத்து, காற்றுப் புகாத உறையில் சிலிக்கா பொட்டலத்தோடு இருட்டில் வைத்திருக்கிறேன். பாகங்களைத் தை பிறந்து ஈரம் வடிந்தபின்தான் வெட்டுவேன்.