டென்காராக் கோல், டிரையத்லான் பயிற்சி, இரண்டு நாய்கள்: போல்டரில் ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில், ராக்கி மலைகள் சமவெளியைத் தொடும் இடத்தில் இருக்கிறது. ஊருக்குள்ளேயே ஓடும் போல்டர் கிரீக்கில் டிரவுட் மீன் உண்டு. ஊரை ஒட்டிய நீர்த்தேக்கத்தில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் அயர்ன்மேன் 70.3 என்னும் டிரையத்லான் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. மேற்கே மலைப்பாதையில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் இந்தியன் பீக்ஸ் வனப்பகுதி வந்துவிடுகிறது. செயற்கை ஈயை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங், டிரையத்லான், நாய்களோடு மலையேற்றம் ஆகிய மூன்றையும் பல ஆண்டுகளாகச் சேர்த்தே நடத்திவரும் எனக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைந்திருக்க முடியாது. இம்மூன்றும் நேரத்துக்காகப் போட்டியிடுகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நேரத்தை எப்படியும் ஒதுக்கிவிடலாம். ஓய்வெடுக்க வேண்டிய கால்களையும், கரைந்தோடும் பனியின் பருவத்தையும் கணக்கில் கொள்ளாவிட்டால்தான் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறது. இந்தக் கணக்கை எனக்குச் சாத்தியமாக்கிய கருவி டென்காராக் கோல் என்னும் எளிய தூண்டில் என்பதால், அதன் நீண்டகாலப் பயன்பாட்டை மையமாக வைத்தே எழுதுகிறேன்.

டென்காரா என்பது ஜப்பானிய மலை ஓடைகளில் பிழைப்புக்காக மீன் பிடித்தவர்கள் கையாண்ட முறை. இதில் தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் கிடையாது, கோலில் நரம்பு கோக்கும் வளையங்களும் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் கார்பன் குழாய்கள், நுனியில் ஒரு சிறிய பின்னல் கயிறு, அதில் முடிந்த நரம்பு, நரம்பின் முனையில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய செயற்கை ஈ ஆகியவற்றோடு கருவி முடிந்துவிடுகிறது. 2009-இல் டேனியல் கல்ஹார்டோ தொடங்கிய டென்காரா யுஎஸ்ஏ வழியாக இம்முறை அமெரிக்காவில் பரவலாக அறியப்பட்டது. என்னிடம் இருக்கும் கோல் விரித்தால் 3.6 மீட்டர், மடித்தால் அரை மீட்டர்; எடை நூறு கிராமுக்கும் குறைவு. தயாரித்தவரின் பெயரைச் சொல்லவில்லை. இங்கே நான் குறிப்பிடும் நிறைகுறைகள் பெரும்பாலும் எல்லா டென்காராக் கோல்களுக்கும் பொதுவானவை.

நாய்களோடு மலைக்குச் செல்பவருக்கு இந்தக் கோல் தரும் மிகப் பெரிய வசதி, ஒரு கை விடுபட்டிருப்பது. வழக்கமான ஃப்ளை ஃபிஷிங் கோலான ஃப்ளை ராடில் வலக்கை வீச, இடக்கை நரம்பை இழுத்தும் விட்டும் கொண்டிருக்க வேண்டும். இந்தியன் பீக்ஸ் வனப்பகுதியிலோ நாய்களைக் கையில் பிடித்த கயிற்றில்தான் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. கயிறும் ஏறத்தாழ 1.8 மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கக்கூடாது. ஆகவே வழக்கமான ராடை வைத்துக்கொண்டு விதியை மீறாமல் மீன் பிடிக்க வேண்டுமானால், நாயைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் உடன் வர வேண்டும். டென்காராவில் வலக்கையில் கோலும் இடக்கையில் கயிறுமாக ஓடைக்கரையில் நிற்க முடிகிறது. மீன் சிக்கிய பிறகு நரம்பைப் பற்ற இடக்கை வேண்டும்; அப்போது கயிற்றின் வளையத்தை மணிக்கட்டுக்கு மேலே ஏற்றிவிட்டுக் கோலைப் பின்பக்கமாகச் சாய்த்தால் மீன் தானாகவே கரைப்பக்கம் வந்துவிடுகிறது. இதற்குப் பழக்கம் வேண்டும். இரண்டு நாய்களை வைத்துக்கொண்டு இது ஆகாது என்பதால், தூண்டில் எடுத்துச் செல்லும் நாளில் என் நாய்களில் வயதான மணியை மட்டும் அழைத்துப் போகிறேன்; லாப்ரடாரான புலிக்கு ஓட்டமும் மற்ற மலையேற்றங்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

வீசும்போது மணி என் இடப்பக்கம், உடம்புக்குச் சற்று முன்னால் அமர்ந்திருக்க வேண்டும். பின்னால் நாய் நின்றால், பின்வீச்சில் தூண்டில் முள் அதன் காதிலோ முதுகிலோ மாட்டிவிடும். டென்காரா வீச்சில் கோல் தலைக்கு மேல் செங்குத்தாக நின்றுவிடுவதாலும் நரம்பு குட்டையாக இருப்பதாலும் அபாயம் குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. எந்த முள்ளானாலும் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செதிலை வீட்டிலேயே இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். மீனைத் திரும்ப விடுவதற்கும் அதுவே நல்லது. நாயின் தோலில் ஏறிவிட்டாலும் சுலபமாகக் கழற்றிவிடலாம். மணியின் அடிமயிர் சாம்பல் நிறமாகவும் மென்மையாகவும் இருக்கிறது; வசந்தத்தில் அது உதிரும்போது சேர்த்துவைத்து, ஈ கட்டும்போது உடல்பகுதிக்குச் சுற்றுகிறேன். கடையில் விற்கும் முயல் மயிருக்கு அது சற்றும் குறைந்ததில்லை.

இனி குறைகள். ஈரக் கோலை மடித்தால் குழாய்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்கின்றன. சேறு படிந்திருந்தால் இன்னும் மோசம். முறுக்கினால் மெல்லிய குழாய் விரிசல் விடும். இரு கைகளிலும் ரப்பர் துணியைப் பிடித்துக்கொண்டு நேராகத் தள்ளுவதே சரியான வழி. வீடு திரும்பியதும் அடிமூடியை நாணயத்தால் திருகித் திறந்து, குழாய்களைத் தனித்தனியாக நிழலில் உலர்த்த வேண்டும். இந்த ஒரு பழக்கத்தால் என் கோல் இன்றுவரை இறுகாமல் விரிகிறது. முள் மரக்கிளையில் சிக்கினால் கோலை வளைத்து இழுக்கக்கூடாது. கோலை முழுவதும் மடித்துவிட்டு நரம்பை மட்டும் நேராக இழுக்க வேண்டும். நுனி நரம்பு 5எக்ஸ் என்னும் மெல்லிய அளவைவிடத் தடிமனாக இருந்தால் நரம்பு அறுவதற்கு முன்னால் கோலின் நுனி முறியும் என்பதால், மெல்லிய நரம்பே கோலுக்குக் காப்பு. பலத்த காற்றில் இந்தக் கோல் உதவாது. கரையிலிருந்து வெகுதூரம் வீச வேண்டிய மலை ஏரிகளுக்கும் இது ஏற்றதல்ல. பெரிய மீன் ஓடத் தொடங்கினால் விட்டுக்கொடுக்க நரம்பும் கிடையாது. அகலம் குறைந்த, பாறைகளுக்கிடையே இறங்கி ஓடும் சவுத் செயின்ட் வ்ரெய்ன் போன்ற ஓடைகளுக்கென்றே இதை வைத்துக்கொண்டால் குறையொன்றும் தெரியாது.

பருவக் கணக்கே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. உயரமான சரிவுகளில் தேங்கிய பனி மே மாதம் உருகத் தொடங்கி, மே இறுதிக்கும் ஜூன் நடுப்பகுதிக்கும் இடையே ஓடைகளில் வெள்ளம் உச்சத்தைத் தொடுகிறது. அப்போது தண்ணீர் கலங்கலாகவும் வேகமாகவும் இருக்கும். மீன் பிடிப்பதும் கடினம், ஓடைக்குள் இறங்குவதும் ஆபத்து. அயர்ன்மேன் போட்டியோ கடந்த சில ஆண்டுகளாக ஜூன் மாதத்தில் நடக்கிறது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்று அடுத்தடுத்து வரும் அந்தப் போட்டிக்கான கடினமான வாரங்கள் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வந்துவிடுகின்றன. அதாவது தூண்டிலைத் தொட முடியாத வாரங்களிலேயே பயிற்சி உச்சத்தில் இருக்கிறது. போட்டி முடிந்து கால்கள் ஓய்வு கேட்கும் ஜூலையில் ஓடைகள் தெளிந்துவிடுகின்றன. போல்டரில் டிரையத்லானையும் ஃப்ளை ஃபிஷிங்கையும் சேர்த்துச் செய்ய விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நடக்கும் போட்டிகளை முதன்மையாக வைத்துக்கொள்ளாதீர்கள். மலை ஓடைகளில் ஈ மிதக்கவிட்டு மீன் பிடிப்பதற்கு மிக நல்ல காலம் அதுதான்.

ஆண்டுக் கணக்கு இப்படி எளிதில் அமைந்துவிட்டாலும் வாரக் கணக்குக்குக் கவனம் தேவைப்படுகிறது. மலையேற்றத்தைப் பலரும் ஓய்வுநாள் வேலையாக நினைக்கிறார்கள். ஏறும்போது இதயத் துடிப்பு தெரிகிறது, அளந்துகொள்ளலாம். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் உண்டாகும் தேய்மானத்தைக் கைக்கடிகாரம் காட்டுவதில்லை; மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் வலி உச்சத்துக்கு வரும். ஞாயிறன்று அறுநூறு மீட்டர் இறங்கிவிட்டுச் செவ்வாயன்று வேக ஓட்டம் வைத்துக்கொண்டால் அந்த ஓட்டம் வீணாகும். அதனால் மலைக்குச் செல்லும் வாரத்தில் வேக ஓட்டத்தை வியாழனுக்குத் தள்ளி, செவ்வாயில் நீச்சலை வைத்துக்கொள்கிறேன். டிரையத்லான் வீரர் மார்க் ஆலன் பின்பற்றியதால் புகழ்பெற்ற, பயிற்சியாளர் ஃபில் மாஃபெட்டோன் வகுத்த குறைந்த துடிப்புப் பயிற்சி முறை இங்கே பொருந்திவருகிறது. 180-லிருந்து வயதைக் கழித்து, உடல்நிலைக்கேற்பச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கிடைக்கும் துடிப்பு எண்ணைத் தாண்டாமல் நீண்ட நேரம் உழைப்பதே அதன் சாரம். வயதான நாயின் நடைக்கு இசைந்து ஏறினால் அந்த எல்லையைத் தாண்டவே முடியாது. வார்த்தைக்காகச் சொல்லவில்லை, என்னைக் கட்டுப்படுத்த எந்தப் பயிற்சியாளராலும் முடியாத அளவுக்கு மணியின் நடை என்னைக் கட்டுப்படுத்துகிறது.

தோள்பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீச்சலில் தண்ணீரைப் பிடித்து இழுப்பதும், கோலை மீண்டும் மீண்டும் உயர்த்துவதும் ஒரே தோளுக்கு வேலை தருகின்றன. நீண்ட கோலை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தால் முழங்கைக்கு வெளிப்புறத் தசைநார் வலிக்கத் தொடங்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வீசினால் எனக்கு இது வருவதில்லை.

நாய்களை அழைத்துச் செல்வதில் இடம் தேர்வதே முதல் வேலை. ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவின் பாதைகளில் நாய்களுக்கு அனுமதி இல்லை. ரூஸ்வெல்ட் தேசிய வனத்தில் உண்டு. போல்டர் நகராட்சியின் திறந்தவெளிகளில், உரிமையாளர் வகுப்பில் கலந்துகொண்டு 'வாய்ஸ் அண்ட் சைட்' (குரலுக்கும் பார்வைக்கும் கட்டுப்பட்டது) என்னும் பட்டை பெற்ற நாய்களைக் குறிப்பிட்ட பாதைகளில் கயிறின்றி அழைத்துச் செல்லலாம். அந்தப் பட்டைக்காக நாயைக் கூப்பிட்டவுடன் திரும்பி வரப் பழக்கும் உழைப்பு, மலையில் மூஸ் என்னும் மிகப் பெரிய மான் எதிர்ப்படும்போது பலன் தருகிறது. 1978-இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு இன்று கொலராடோவில் பெருகியிருக்கும் இந்த விலங்கு, நாயை ஓநாயாகவே கருதித் தாக்க வரும். நாயோ உரிமையாளரை நோக்கி ஓடிவரும். மூஸும் பின்னாலேயே வரும். பிரெய்னார்ட் ஏரியைச் சுற்றியுள்ள புதர்களுக்கிடையே ஓடையோரமாக நடக்கும்போது நான் தூண்டிலைவிடப் புதர்களையே அதிகம் கவனிக்கிறேன்.

கோடையில் ஓட்டத்துக்கு நாயை அழைத்துச் செல்பவர்கள் சூரியன் உதிக்கும் முன்பே கிளம்பிவிட வேண்டும். நாய்களுக்கு மூச்சிரைப்பதுதான் உடலைக் குளிர்விக்கும் முக்கிய வழி. நாக்கு அகன்று தொங்கி, நடை தடுமாறத் தொடங்கிவிட்டால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள். வளர்ச்சி முடியாத குட்டிகளை நீண்ட தூரம் ஓடவைக்கக்கூடாது. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே இருந்தால் நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் தூண்டில்காரருக்கு இந்த விதி இருமடங்கு பொருந்தும். ஓடைநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் ஜியார்டியா கிருமி இருக்கக்கூடும் என்பதால் நாய்க்கும் வீட்டுத் தண்ணீரையே எடுத்துச் செல்கிறேன்.

பருவத்தின் பின்பகுதியில் இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வெப்பமான நாட்களில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டால் டிரவுட்டைப் பிடித்துத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது கடினம். பையில் ஒரு சிறிய வெப்பமானி இருந்தால் கேள்விக்கே இடமில்லை. நீலகிரியின் அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்த டிரவுட்டும் இதே குளிர்நீர் மீன்தான். அங்கே உயரமான ஓடைகளில் மட்டும் அது நிலைத்ததற்கும் காரணம் இதுவே. அடுத்தது தூய்மை. போல்டர் கிரீக்கில் 2004-இல் நியூசிலாந்து மண்நத்தை கண்டுபிடிக்கப்பட்டது. அரிசிமணியைவிடச் சிறிதான அந்த நத்தை, காலணியின் அடியிலும் நாயின் பாதமுடியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போய்விடும். ஒரே ஒரு நத்தை இருந்தாலும் தனியாகவே இனம் பெருக்கிவிடும். ஓடைக்கு ஓடை மாறும்போது காலணியைத் தூரிகையால் தேய்த்து, ஓர் இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்து எடுக்கிறேன். மணியின் பாதங்களையும் வயிற்று முடியையும் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே கழுவித் துடைத்துவிடுகிறேன். அக்டோபரில் பிரவுன் டிரவுட் சரளைக்கற்களைத் துடைத்துக் குழிபறித்து முட்டையிடத் தொடங்கும். சுற்றியுள்ள கற்களைவிட வெளுத்துத் தெரியும் அந்தத் திட்டுகளில் மனிதக் கால் பட்டாலும் நாயின் கால் பட்டாலும் முட்டைகள் நசுங்கும். எனவே அந்த மாதம் முழுவதும் மணியும் நானும் கரைப்பாதையிலேயே நடக்கிறோம். கோல் அடுத்த ஜூலை வரை வீட்டில் இருக்கும், நீர்த்தேக்க நீச்சலுக்குப் பதிலாக உள்ளரங்கக் குளத்தில் குளிர்காலப் பயிற்சி தொடங்கிவிடும்.