கடற்கரை வெக்கையில் பேபி வைப்ஸ், லோஷன், வாஷ்: இரண்டு வருட அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இதுவரை வாங்கியதில் எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதுகிறேன்.

அதிகம் படுத்தியது வைப்ஸ். தொடையிடுக்கில் சிவந்தபோது டயப்பர் புண் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வாயைச் சுற்றியும் அதே சிவப்பு. வாயில் யாரும் டயப்பர் கட்டுவதில்லையே! இரண்டு இடத்தையும் துடைத்தது ஒரே வைப்ஸ். பாக்கெட்டின் முன்னால் 'பாரபென் இல்லை' என்று பச்சை இலை போட்டு எழுதியிருந்தது. பின்னால், பொடி எழுத்தில், மெத்தில்ஐசோதயாசோலினோன் என்ற வேறொரு பதப்படுத்தி. ஈரப் பொருள் கெடாமலிருக்க ஏதாவது ஒரு பதப்படுத்தி வேண்டும். பாரபெனை எடுத்தால் வேறொன்று உள்ளே வரும். இந்த வேறொன்றை, தோலில் படும் பொருளால் வரும் அழற்சிக்கான அமெரிக்க மருத்துவச் சங்கம் (American Contact Dermatitis Society) 2013-ல் 'ஆண்டின் அலர்ஜன்', அதாவது ஒவ்வாமை தரும் பொருள், என்று அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடும் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடையே போட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே சங்கம் 2019-ல் பாரபென்களை 'அலர்ஜன் அல்லாதது' என்று தேர்ந்தெடுத்தது. தோல் மருத்துவர் வைப்ஸை நிறுத்தச் சொன்னார். சிவப்பு மெல்ல அடங்கியது. இந்த வகை ஒவ்வாமை பூசியவுடன் தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே வரும். அதனால்தான் எதனால் வந்தது என்று பிடிபடுவதில்லை.

'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை வரும் வாய்ப்பு குறைவு) என்ற முத்திரைக்கும் பெரிய மதிப்பில்லை. அப்படிப் போட்டால் சோதித்து நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1975-ல் விதி கொண்டுவந்தார்கள். 1977-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 'தோல் மருத்துவர் சோதித்தது' என்று பாக்கெட்டில் போட்டிருந்தால், எத்தனை பேரிடம், என்ன முடிவு?

லோஷனில் நான் தேடுவது ஒரே ஒரு சொல்: பெர்ஃப்யூம், பார்ஃபம், ஃப்ராகிரன்ஸ், எந்தப் பெயரில் இருந்தாலும் வைத்துவிடுவேன். அந்த ஒரு சொல்லுக்குள் பல டஜன் சேர்மங்கள் இருக்கலாம். 'இயற்கை லாவெண்டர்' என்றாலும் அதேதான். அதிலுள்ள லினலூல் என்ற வாசனைச் சேர்மம் காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமை தரும் தன்மை கூடும். திறந்த பாட்டில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் சொல்லவே வேண்டாம். இதே காரணத்தைச் சொல்லி, வாசனைக்குப் பூலாங்கிழங்கு போட்ட குளியல் பொடியையும் தள்ளி வைத்தேன். அப்பத்தாவுக்குக் கோபம்: "உங்கப்பனை இதுலதாண்டி குளிப்பாட்டி வளத்தேன்!" சரி அப்பத்தா, அப்பாவுக்கு ஒத்துக்கொண்டது.

வாஷ் பரவாயில்லை. எங்கள் போர்த் தண்ணீரின் உப்புக்கு சோப்பு நுரைக்காது, தோலில் பிசுக்காக ஒட்டும். சோப்பில்லாத திரவ வாஷ் அப்படி ஒட்டுவதில்லை. கடைசியாக ஊற்றுவது மட்டும் விலைக்கு வாங்கும் குடத்துத் தண்ணீர். பவுடர் வேண்டவே வேண்டாம், மூச்சுக்குள் போகும்.

கச்சான் காலத்தில், அதாவது மேல்காற்று வீசும் மாதங்களில், கழுத்திலும் முதுகிலும் வருவது பெரும்பாலும் வேர்க்குருதான். அதற்குக் கெட்டியான கிரீம் பூசினால் வியர்வை அடைபட்டு இன்னும் கூடும். அந்த மாதங்களில் லோஷனையே எடுப்பதில்லை.

புதிதாக எதை வாங்கினாலும் அவன் முழங்கை மடிப்பில் மட்டும் தினம் இருவேளை, ஒரு வாரம் பூசிப் பார்க்கிறேன். வீட்டில் வைப்ஸுக்குப் பதில் ஈரத்துணி. மதுரைக்குப் பஸ் ஏறினால் மட்டும் வாசனையில்லாத ஒரு பாக்கெட். ஆன்லைனில் பின்பக்கப் படம் போடாத பொருளை வாங்குவதில்லை.