எக்ஸ்க்ளூசிவ் கேமை நம்பி கன்சோல் வாங்கினால்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

ஒரு கம்பெனியின் கன்சோலில் மட்டுமே ஆடக்கூடிய கேம்தான் எக்ஸ்க்ளூசிவ். 2017 மார்ச்சில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் வெளியான மாதம், அமெரிக்காவில் சுமார் 9.06 லட்சம் கன்சோல்கள் விற்றன. அதற்கான செல்டா கேமோ சுமார் 9.25 லட்சம்! கேம்தான் கன்சோலை விற்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் நல்ல கேம் இருந்தும் மெஷின் தேறாமல் போனதுண்டு. மாரியோ கார்ட் 8 முதலில் வந்தது ஸ்விட்சுக்கு முந்தைய நின்டெண்டோ கன்சோலான வீ யூவில். அந்தக் கன்சோலின் மொத்த விற்பனையே 1.36 கோடியைத் தாண்டவில்லை. அதே கேம் சில சேர்க்கைகளுடன் ஸ்விட்சுக்கு வந்து 6 கோடிக்கு மேல் போனது.

எக்ஸ்க்ளூசிவ் எவ்வளவு காலம் எக்ஸ்க்ளூசிவாக இருக்கும் என்பதுதான் வாங்குபவர் பார்க்க வேண்டியது. சோனியின் பிளேஸ்டேஷன் கேமான ஹொரைசன் ஜீரோ டான் 2017-ல் வந்து 2020-ல் பிசிக்குப் போனது. 2018-ன் காட் ஆஃப் வார் 2022-ல். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கையில் இருந்து, பொறுமையும் இருந்தால் அவற்றுக்காகக் கன்சோல் தேவைப்பட்டிருக்காது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் நிலைமை இன்னும் தளர்வு: அதன் ஃபோர்ஸா ஹொரைசன் 5 கேம் 2025-ல் போட்டியாளர் சோனியின் பிஎஸ்5-க்கே (பிளேஸ்டேஷன் 5) வந்துவிட்டது. நின்டெண்டோ மட்டும் பிடிவாதம். மாரியோ, செல்டா வேண்டுமென்றால் அவர்கள் மெஷின்தான். அந்த கேம்களின் விலையும் லேசில் இறங்காது.

பழைய எக்ஸ்க்ளூசிவுக்காகப் புது கன்சோல் வாங்குபவர்கள் கவனிக்க: பிஎஸ்3 டிஸ்க் பிஎஸ்5-ல் ஓடாது. பிஎஸ்3-ல் இருந்த ‘செல்’ என்ற பிராசசரின் அமைப்பே வேறு. பிஎஸ்4 கேம்கள் பெரும்பாலும் ஓடும், ஆனால் பிஎஸ்4 எக்ஸ்க்ளூசிவான பிளட்போர்ன் இன்றும் விநாடிக்கு 30 ஃபிரேம்தான்.

இடப் பிரச்சினை சீக்கிரமே தலைகாட்டும். முதல் பிஎஸ்5-ன் 825 ஜிபியில் கேம்களுக்குக் கிடைப்பது சுமார் 667. யுஎஸ்பி டிரைவில் பிஎஸ்5 கேமைப் போட்டு வைக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது. உள்ளே எம்.2 எஸ்எஸ்டி (சிறு அட்டை வடிவ சேமிப்பகம்) சேர்ப்பதே வழி: பிசிஐஇ ஜென்4 வகை, சோனி பரிந்துரைக்கும் வேகம் விநாடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கட்டாயம், அதோடு சேர்த்துத் தடிமன் 11.25 மிமீக்குள். இதைத் தாண்டினால் மூடி பொருந்தாது.

பலர் கோட்டைவிடுவது, கேமில் எதுவரை ஆடினோம் என்பதைப் பதிந்து வைக்கும் சேவ் ஃபைலில். பிஎஸ்5 கேமின் சேவ் ஃபைலை யுஎஸ்பிக்கு எடுக்க முடியாது. கிளவுடில் வைக்க சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். ஸ்விட்சிலும் எஸ்டி கார்டுக்குப் போவது கேம் மட்டும்தான். சேவ் உள் மெமரியிலேயே இருக்கும். மெஷினை விற்கும் முன் சேவ் ஃபைல்களை அதே வகை இன்னொரு கன்சோலுக்கு நேரடியாக மாற்றிவிட்டு ரீசெட் செய்யுங்கள்.