வால்வு ஆம்ப் டிரான்ஸ்பார்மரை ரீவைண்டிங் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு கோவில் பாடகர் குழுவின் கிட்டார் ஆம்ப், கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடுவது. இரண்டு இஎல்34, மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகள். பவர் டிரான்ஸ்பார்மர் கருகியதும் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் கொடுத்திருக்கிறார்கள். ரூ. 3,500 வாங்கிக்கொண்டு, மீட்டரை வைத்து 350-0-350 வோல்ட் இருக்கிறது, 6.3 வோல்ட் இருக்கிறது என்று காட்டி அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு பூசையில் பாட்டு முடிவதற்குள் புகை.

பிரித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. வால்வுகளைச் சூடேற்றும் 6.3 வோல்ட் ஹீட்டர் சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். இஎல்34 ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், 12ஏஎக்ஸ்7 ஒன்றுக்கு 0.3, ஆக மொத்தம் 3.9. இதற்கு 17 கேஜ் (எஸ்.டபிள்யூ.ஜி.; எண் கூடக் கூடக் கம்பி மெலியும்) கம்பி வேண்டும். போட்டிருந்தது 21 கேஜ், அதில் செம்பு மூன்றில் ஒரு பங்குதான். கடையில் மீட்டர் கச்சிதமாக 6.3 காட்டியதே தப்பு. ஒழுங்கான சுற்று லோடு இல்லாதபோது 6.6, 6.7 காட்டும், வால்வுகள் சூடேறிய பிறகுதான் 6.3க்கு வரும். காலியிலேயே 6.3 என்றால் லோடில் 6க்குக் கீழே போய்விடும்.

அடுத்தது பிரைமரி, அதாவது லைனில் இணைக்கும் சுற்று. பழைய காயிலை எண்ணிப் பிரிக்காமல் உளியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். இரும்புக் கோரின் நடுக்கால் அகலம் 4 செ.மீ., தகடு அடுக்கின் கனம் 4 செ.மீ., பரப்பு 16 சதுர செ.மீ. வழக்கமான கணக்குப்படி 45ஐ 16ஆல் வகுத்தால் வோல்ட்டுக்கு 2.8 சுற்று, 230 வோல்ட்டுக்குச் சுமார் 650. இவர்கள் சுற்றியது 400. ராத்திரியில் லைன் 250 தொட்டால் வால்வே இல்லாவிட்டாலும் கோர் கொதிக்கும்.

புகை கிளம்பியது எச்.டி. சுற்றில், அதாவது 350-0-350 உயர் வோல்ட் சுற்றில். இரு முனைகளுக்கும் நடுவே 700 வோல்ட் ஏசி இருக்கிற இடம் அது. அடுக்குக்கு அடுக்கு பேப்பர் இல்லை; முதல் முனைக் கம்பியை ஸ்லீவ் (காப்பு உறை) போடாமல் மேல் அடுக்குகளின் ஓரமாகவே வெளியே இழுத்திருந்தார்கள். ஓட்டை விழுந்த இடம் மிளகு அளவுதான். வார்னிஷும் வெளியில் பிரஷ்ஷால் தடவியதோடு சரி. காயிலைச் சூடாக்கி ஈரம் போக்கி, குமிழி நிற்கும்வரை வார்னிஷில் முக்கி, வடியவிட்டுச் சுட வேண்டும். பாம்பன், மண்டபம் உப்புக்காற்றில் உள்ளே காய்ந்து கிடக்கிற காயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கொடுக்கும்போதே கேஜ், வோல்ட், ஆம்பியர், நடுமுனை (350-0-350இல் அந்த 0) எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். சுற்றை எண்ணித்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கழற்றிய கம்பியைத் திருப்பி வாங்குங்கள். புதுக் கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் அலுமினியம்.

வாங்கும்போது, செகண்டரி (ஹீட்டர், எச்.டி.) முனைகள் எதிலும் எதையும் இணைக்காமல், 60 வாட் குண்டு பல்பைப் பிரைமரிக்கு சீரிஸில், லைன் பல்பு வழியாகவே வரும்படி போடச் சொல்லுங்கள். ஒரு மின்னல் மின்னி அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் வாங்காதீர்கள். பிறகு பல்பை எடுத்துவிட்டு, பிரைமரியை நேரடி லைனில் கொடுத்து, ஹீட்டர் முனைகளில் 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பை இணையுங்கள். 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். ஒரு மணி நேரம் ஓடட்டும். அப்போது 6.3க்குக் கீழே இறங்கக்கூடாது, நாற்றமும் வரக்கூடாது.

இன்னொன்று. முதல் டிரான்ஸ்பார்மர் ஏன் கருகியது என்று அந்தக் கடையில் யாரும் கேட்கவில்லை. டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் ஷார்ட். ஃபியூஸ் இடத்தில் செம்பு நூல் கட்டியிருந்தது. இரண்டையும் மாற்றாமல் எவ்வளவு நல்ல காயில் போட்டாலும் நிற்காது. தொடும் முன் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள், 490 வோல்ட் டிசி வரை தேங்கியிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "உங்க வால்வுதான் ஷார்ட்" என்று சொல்லிவிட்டார்கள். பில்லில் கேஜும் சுற்று எண்ணிக்கையும் இல்லாததால் குழுவினரால் பதில் பேச முடியவில்லை.